போயா நாள் பின்னேரத் தேத்தண்ணி: தொடர்மாடியில் செய்யும் விதம்

அன்பான ஊர் உறவுகளுக்கு,

அம்மா அப்பாவைக் கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் விட்டுவிட்டுத் தூர தேசத்தில் இருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான். முன்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே அவர்களுக்குத் தெரியாது, இரவில் ஓர் அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது? இதற்குக் குழுவும் தீர்மானமும் வேண்டாம். மாதம் ஒருதரம், முழுநிலா நாளான போயா விடுமுறையன்று, பின்னேரம் நாலரைக்குக் கீழ்த்தளத்தில் ஒரு மேசை போட்டுத் தேத்தண்ணி வையுங்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் அந்நேரம் எப்படியும் குடிப்பது அதுதான். பால் விடாததை மூன்று கூட்டமும் பிளேன்டீ என்றுதான் சொல்கிறது.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளவேண்டாம். 1983 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களை வீட்டுக்குள் மறைத்து வைத்துக் காப்பாற்றியவர்கள் சிங்கள, முஸ்லிம் அயலவர்கள். அந்த நேரத்தில் முகம் தெரிந்த கதவைத்தான் தட்ட முடிந்தது.

நாற்பது பேருக்கு அறுபது கோப்பை கணக்கு வையுங்கள். கோப்பைக்கு 150 மில்லிலீற்றர் என்றால் 9 லீற்றர் வரும். தூள் குடிப்பதும் ஆவியாய்ப் போவதும் சேர்த்து 10 லீற்றர் தண்ணீர் வேண்டும். குழாய்த் தண்ணீரையே பாவியுங்கள். கடலோரத்துக் கிணற்றுத் தண்ணீரில் உப்புச் சாடை இருந்தால் தேத்தண்ணி கறுத்து, மணமில்லாமல் போகும். தேயிலை 150 கிராம், பி.ஓ.பி.எஃப். என்ற பொடித் தேயிலைத் தூள் நல்லது.

ஒரே கிடாரத்தில் தூளைக் கொட்டிக் கொதிக்க விடுவதுதான் வழமையான பிழை. முதல் பத்துப் பேருக்குச் சரியாக இருக்கும், கடைசியில் வருபவருக்குக் கசக்கும். தூள் தண்ணீரில் கிடக்கக் கிடக்கத் துவர்ப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். சாயத்தைத் தனியாக எடுங்கள். 3 லீற்றர் தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் அடுப்பை நிறுத்தி, 150 கிராம் தூளையும் போட்டு, மூடி 5 நிமிடம் விட்டு, துணியில் வடித்துவிடுங்கள். மற்ற 7 லீற்றரில் 150 கிராம் இஞ்சியைத் தோலோடு கழுவித் தட்டிப் போட்டு, மூடி வைத்து 10 நிமிடம் கொதிக்கவிட்டு வடியுங்கள். சூடு இருக்கும்போதே இரண்டையும் கலந்து பிளாஸ்க்குகளில் ஊற்றுங்கள். கெட்டிச் சாயத்தை ஆறவிட்டால் பால் விட்டதுபோலக் கலங்கும். கெட்டுப்போகவில்லை, சூடாக்கினால் தெளியும். எவர்சில்வர்ப் பாத்திரமே பாவியுங்கள், துருப்பிடித்த இரும்பு பட்டால் சாயம் மை நிறத்துக்குப் போகும். தேசிக்காய் பிழிந்தால் நிறம் வெளிறும், சாயம் குறைந்துவிட்டது என்று தூளைக் கூட்டவேண்டாம்.

பால் கேட்பவர்களுக்குப் பால்மாவைத் தனியாகக் கரைத்து வையுங்கள். பச்சை இஞ்சியைப் பாலில் தட்டிப் போட்டால் திரையும், இஞ்சியைக் கொதிக்க வைத்த பிறகே பால் சேரவேண்டும்.

வெறுந்தேத்தண்ணியை முன்னுக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு. போயாவுக்கு சில் என்ற பௌத்த விரதம் எடுப்பவர்கள் மதியத்துக்குப் பிறகு சாப்பிடமாட்டார்கள், பாலில்லாத தேத்தண்ணி குடிப்பார்கள். அவர்களிடம் வடைத் தட்டை நீட்டி வற்புறுத்தாதீர்கள். நோன்பு மாதத்தில் நாலரை சரிவராது, மேசையை மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்குப் பின், ஆறரைக்கு மேல் போடுங்கள்.

சீனியைக் கலக்காமல் வையுங்கள். பக்கத்தில் ஒரு தட்டில் ஓலைக் குட்டானில் வார்த்த பனங்கட்டியும், சிரட்டையில் வார்த்த கித்துள் மரத்துக் கருப்பட்டியும் நகத்தளவு துண்டுகளாக இருக்கட்டும். ஒரு கையில் கோப்பை, மறுகையில் துண்டு, கடித்துக் கடித்துக் குடிப்பது யாழ்ப்பாணத்திலும் உண்டு, சிங்களக் கிராமத்திலும் உண்டு. இரண்டையும் ருசி பார்த்து "எங்கடையா, உங்கடையா" என்று தொடங்கும் பேச்சுக்கு வேறு முன்னுரை தேவையில்லை. கடற்காற்றில் இரண்டும் கசியும், அரை மணித்தியாலத்துக்கு முன்புதான் வெட்டுங்கள். சலரோகக்காரருக்குக் கருப்பட்டியும் சீனிதான், அதைச் சொல்லிவிடுங்கள்.

பருப்பு வடைக்கு ஒரு கிலோ கடலைப்பருப்பு, ஐம்பது அறுபது சின்ன வடை வரும். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஊறவேண்டாம். தண்ணீரை நன்றாக வடித்து, ஒரு பிடி பருப்பை அரைக்காமல் எடுத்து வைத்து, மிச்சத்தைத் தண்ணீர் விடாமல் ஒன்றிரண்டாய் அரையுங்கள். உப்பும் வெங்காயமும் பொரிக்கப் போகும் நேரத்தில்தான். முன்பே சேர்த்தால் தண்ணீர் விட்டு எண்ணெயில் உதிரும். புது எண்ணெய் பாவியுங்கள், மீன் பொரித்த எண்ணெயில் சுட்டால் மரக்கறிக்காரர் தொடமாட்டார்கள்.

கடதாசிக் கோப்பை வேண்டவே வேண்டாம். எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறிவிடுவார்கள். பீங்கான் கோப்பை என்றால் திருப்பித் தரவேண்டும், அதற்காகவே பத்து நிமிடம் நிற்பார்கள். கழுவுவதற்கு இரண்டு வெவ்வேறு வீட்டாரைச் சேர்த்து விடுங்கள். ஒருவர் சவர்க்காரம் போட, மற்றவர் துடைக்க, பிள்ளைகள் எங்கே, முழங்கால் நோவுக்கு எந்த எண்ணெய் என்று கதை அங்கேதான் நீளும். கதிரைகளை வரிசையாகப் போட்டால் கூட்டம்போல ஆகிவிடும், மூன்று நாலாகத் திருப்பிப் போடுங்கள்.

அறிவித்தல் ஒட்டினால் போதாது. முதல் நாள் பின்னேரம் கதவுக்குக் கதவு போய்ச் சொல்லவேண்டும். சிங்கள வீட்டில் "ஹெட்ட ஹவஸட்ட தே பொன்ன (bonna) என்ன", அதாவது நாளைப் பின்னேரம் தேத்தண்ணி குடிக்க வாங்கோ. உச்சரிப்புப் பிழைத்தால் அவர்களே அன்பாய்த் திருத்துவார்கள். காவலாளியையும் துப்புரவு செய்பவரையும் விட்டுவிடாதீர்கள், அவர்களும் அதே கோப்பையில், அதே கதிரையில்.

பேச்சு, விளக்கேற்றல், காசு சேர்த்தல், முகநூலில் படம் ஒன்றும் கூடாது. எங்கள் ஊர்ச் சங்கம் முதல் மாதத்துக்கு மட்டும் செலவழிக்கும். இரண்டாம் மாதம் யாராவது "பால்டொஃபி கொண்டு வாறன்" என்றால் தடுக்காதீர்கள். எப்போதும் வாங்கிக்கொண்டே இருப்பவருக்குக் கூச்சம் வரும், மூன்றாம் மாதம் வரமாட்டார். இறங்கி வர முடியாதவருக்குத் தட்டில் வடை அனுப்புங்கள். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்காத வழக்கம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு, ஒரு சீப்பு வாழைப்பழமோ, ஒரு துண்டு வட்டலப்பமோ அதில் வரும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்நேரம் அழைப்பு எடுக்காதீர்கள். தொலைபேசி அடித்தால் அப்பா எழும்பி மூலைக்குப் போய்விடுவார், கதை அறுந்துவிடும். ஆறு மணிக்குப் பிறகு எடுங்கள். கோடையில் லண்டனில் அப்போது மதியம் ஒன்றரை, ரொறன்ரோவில் காலை எட்டரை. மெல்பேணில் உள்ளவர்களுக்கு இரவு பத்தரை ஆகிவிடும், அவர்கள் அடுத்த நாள் காலையில் கேளுங்கள்: யார் யார் வந்தது, யார் கோப்பை கழுவினது என்று.

கொழும்பிலிருந்து