கரண்ட் இருக்கும்வரை 54 வோல்ட், போனால் இருபதே நிமிடம்: பவர் பிளான்ட் அனுபவங்கள்

கடைமடை

மொபைல் டவர் பராமரிப்பில் இருக்கிறேன், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம். டவருக்கு 48 வோல்ட் டி.சி. கொடுக்கும் ரெக்டிஃபையரும் பேட்டரியும் சேர்ந்ததைத்தான் பவர் பிளான்ட் என்போம். போன வாரம் ஒரு சைட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

600 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர்) பேட்டரி பேங்க், 2 வோல்ட் செல் 24. சைட் லோடு 60 ஆம்ப் சொச்சம். கணக்குப்படி பத்து மணி நேரம். முழுக்க உறிஞ்சாமல் 80 சதவீதத்தோடு நிறுத்தினாலும் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். கன்ட்ரோலர் திரையில் 54.0 வோல்ட், ஏ.சி.யை டி.சி. ஆக்கும் நான்கு ரெக்டிஃபையர் மாட்யூலிலும் பச்சை விளக்கு, அலாரம் எதுவும் இல்லை. மதியம் ஈ.பி. போனது. இருபது நிமிடத்தில் எல்.வி.டி. (வோல்டேஜ் குறைந்தால் பேட்டரியிலிருந்து லோடை வெட்டும் சுவிட்ச்) விழுந்து சைட் செத்துவிட்டது.

போய் டிஜி (டீசல் ஜெனரேட்டர்) போட்டு எழுப்பினேன். கொஞ்ச நேரம் சார்ஜ் ஏறியதும் டிஜியை நிறுத்திவிட்டு, பேட்டரியில் லோடு ஓடும்போதே மீட்டரை எடுத்துக்கொண்டு செல் செல்லாகப் பார்த்தேன். 21 செல்லில் 2 வோல்ட் ஒட்டி நின்றது. ஒன்றில் 1.1. பக்கத்தில் 0.8. கீழ்வரிசை மூலையில் ஒன்று தலைகீழாகி மைனஸ் 0.3 காட்டியது. அதன் பக்கவாட்டில் கை வைத்தால் சூடு, பெட்டி லேசாக உப்பியிருந்தது. கூட்டிப் பாருங்கள், 43.6 வருகிறது. எங்கள் எல்.வி.டி. 44.4-ல். விழாமல் என்ன செய்யும்?

ஈ.பி. இருக்கும்போது திரையில் தெரியும் 54 பேட்டரியின் வோல்டேஜ் இல்லை. மாட்யூல்கள் பிடித்துக்கொண்டு நிற்கும் வோல்டேஜ். அதைப் பார்த்துவிட்டு ‘பேட்டரி ஓ.கே.’ என்று மாதாமாதம் ரிப்போர்ட் போகிறது. என் புகார் இதுதான்.

பழைய எக்ஸ்சேஞ்ச்

தம்பி, நீங்கள் சொல்வது எங்கள் காலத்திலும் இருந்த வியாதி. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பவர் ரூம் பார்த்து ஓய்வு பெற்றவன். அப்போது திறந்த ஆசிட் செல்கள், இடுப்பு உயரம். அறைக்குள் போனாலே தொண்டை கரகரக்கும், எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றால் உள்ளே போகக்கூடாது. ஆனால் அந்தச் செல்லில் ஒரு வசதி இருந்தது. ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சினால் மிதவை உண்மையைச் சொல்லும். முழு சார்ஜில் 1.200 ஒட்டி நிற்க வேண்டியது 1.150-க்கு இறங்கியிருந்தால் அந்தச் செல்லைத் தனியாகக் கவனிப்போம். தினமும் பைலட் செல் (மாதிரிக்கென்று தேர்ந்தெடுத்த செல்) ரீடிங் எடுத்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். இப்போதைய சீல் வைத்த வி.ஆர்.எல்.ஏ. செல்லில் உள்ளே எட்டிப் பார்க்க வழியே இல்லை. மூடியைத் திறக்கவும் கூடாது.

ஊரே இருட்டாக இருந்தாலும் லேண்ட்லைன் மட்டும் வேலை செய்ததே, அது எங்கள் பவர் ரூம் கொடுத்த மின்சாரம்தான். உங்கள் வீட்டு ரிசீவரைத் தூக்கியதும் அந்த இரண்டு செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து கரண்ட் ஓடி வரும். போனுக்கென்று வீட்டில் தனி பிளக் எதற்கு?

புதுசா சேர்ந்தவன்

அண்ணே, நான் இந்த வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான். இரண்டு சந்தேகம். வீட்டு இன்வெர்ட்டரில் கரண்ட் போனதும் ‘டிக்’ என்று ரிலே மாறும், லைட் ஒரு கணம் கண் சிமிட்டும். டவரில் அந்தச் சத்தமே இல்லை. எது மாற்றிவிடுகிறது? அப்புறம், மீட்டரின் கறுப்பு முனையை எர்த்தில் வைத்துவிட்டு சிவப்பை பஸ்பாரில் (எல்லா இணைப்பும் சேரும் உலோகப் பட்டை) வைத்தால் மைனஸ் காட்டுகிறது. வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று பயந்தே போனேன்.

திருப்பூர் ஃபீல்ட்

மாற்றுவதற்கு எதுவும் இல்லை, அதனால்தான் சத்தம் இல்லை. மாட்யூல், பேட்டரி, லோடு மூன்றும் ஒரே பஸ்பாரில் சேர்ந்தே கிடக்கின்றன. மாட்யூல் 54-ல் நிறுத்திவைக்கும்வரை பேட்டரி தன் நிறைவைக் காத்துக்கொள்ள மிகச் சிறிய கரண்ட் மட்டும் எடுத்துக்கொண்டு சும்மா இருக்கும். அதுதான் ஃப்ளோட், செல்லுக்கு 2.25 வீதம் 24-க்கு 54. ஈ.பி. போன கணத்தில் மாட்யூல் வோல்டேஜ் கொடுப்பதை நிறுத்தும், பஸ் பேட்டரி வோல்டேஜுக்கு இறங்கும், லோடு அங்கிருந்து இழுக்கும். ரேடியோவுக்கு எதுவும் தெரியாது.

மைனஸ் விஷயம்: டெலிகாமில் பாசிட்டிவைத்தான் எர்த் செய்வார்கள். மண்ணுக்குள் ஈரத்தில் கிடக்கும் கேபிள் பாசிட்டிவாக இருந்தால் மின்னரிப்பில் செம்பு கரைந்து போகும். மண்ணைவிட நெகட்டிவாக வைத்தால் தப்பிக்கும். அந்தக் கால வழக்கம் இன்றைக்கு டவரிலும் தொடர்கிறது. பயப்படாதே, வயர் சரிதான்.

எத்தனை மாட்யூல் வேண்டும் என்பது எளிய கணக்கு. கடைமடை சைட்டையே எடுத்துக்கொள்வோம். லோடு 60 ஆம்ப். பேட்டரியை ஏ.எச்.சில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் சார்ஜ் செய்ய இன்னொரு 60. மொத்தம் 120. 50 ஆம்ப் மாட்யூல் மூன்று போதும், உதிரியாக ஒன்று சேர்த்து நான்கு. ஒன்று செத்தாலும் சைட்டுக்கு வலிக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றலாம்: லாட்ச்சை விடுவித்து இழுத்தால் வந்துவிடும், ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றி நிற்கும். புதியதைத் தள்ளினால் உடனே பாயாது. சில விநாடிகள் மெதுவாக ஏறி, மற்ற மாட்யூல்கள் தூக்கியதில் தன் பங்கை வாங்கிக்கொள்ளும். திரையில் 40, 40, 40 என்று இருந்தது 30, 30, 30, 30 ஆவதைப் பார்ப்பதில் எனக்கு இன்னும் ஒரு சந்தோஷம்.

எங்கள் ஊரில் மாட்யூலின் எமன் பஞ்சுத் தூசி. பனியன் கம்பெனி மொட்டை மாடி சைட் ஒன்றில் மாட்யூல்கள் மதியமானால் வெளியீட்டைக் குறைத்துக்கொண்டே வந்தன. முன்பக்க சல்லடையை உருவினால் போர்வை மாதிரி ஒரு படலம், ஒரே துண்டாக உரிந்து வந்தது. காற்று போகாமல் சூடு ஏறி, மாட்யூல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆம்பைக் குறைத்திருக்கிறது. பிரஷ் போட்டுத் துடைத்ததோடு சரியாகிவிட்டது. அதற்குள் ஆபீஸில் மாட்யூலை மாற்ற எஸ்டிமேட் போட்டு முடித்திருந்தார்கள்.

இன்னொன்று, த்ரீ ஃபேஸ் சைட்டில் மாட்யூல்களை மூன்று ஃபேஸிலும் பிரித்துக் கொடுங்கள். எல்லாம் ஒரே ஃபேஸில் தொங்கினால், அந்த ஒரு ஃபேஸ் போனதும் உதிரி மாட்யூல் வைத்தும் பிரயோஜனம் இல்லை.

2012 மின்வெட்டு நினைவிருக்கிறதா? சென்னையைத் தாண்டினால் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் கிடையாது. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். போகும் மணியில் பேட்டரி 60 ஏ.எச். கொடுக்கும். வரும் மணியில் அதிகபட்சம் 60 ஏ.எச். உள்ளே போகும். ஆனால் லெட் ஆசிட்டுக்கு எடுத்ததைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் கூடுதலாகப் போட்டால்தான் நிரம்பும். ஆக ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கடன். பாதிச் சார்ஜிலேயே நாட்கணக்கில் கிடந்த பேட்டரிகளில் தகட்டில் சல்ஃபேட் கட்டியாகிவிட்டது. பல வருடம் உழைக்க வேண்டிய பேங்க்குகளை அந்த ஒரே சீசன் தின்றது. மாட்யூலைக் குறை சொல்ல முடியாது, பேட்டரியைத் தயாரித்தவரையும் குறை சொல்ல முடியாது.

சிக்னல் பக்கம்

ரயில்வே சிக்னலிலும் இதே குடும்பம்தான், வோல்டேஜ் மட்டும் வேறு. எங்கள் ஐ.பி.எஸ்.சில் (சிக்னலுக்கான ஒருங்கிணைந்த பவர் சப்ளை) 110 வோல்ட் பஸ், 2 வோல்ட் செல் 55. சார்ஜர் மாட்யூல்கள் உதிரியோடு இருக்கும், அங்கிருந்து ரிலேவுக்கு, தண்டவாளத்தை மாற்றும் பாயின்ட்டுக்கு, பக்கத்து ஸ்டேஷனோடு பேசும் பிளாக் கருவிக்கு என்று தனித்தனி கன்வெர்ட்டர்கள் பிரியும். எனக்குப் பிடித்தது அது படிப்படியாகக் கத்தும் விதம். பேட்டரி 50 சதவீதம் காலியானதும் ஸ்டேஷன் மாஸ்டர் அறைப் பேனலில் ‘ஜெனரேட்டர் போடு’. 60-ல் ‘அவசரமாகப் போடு’. அதற்கும் அசையாவிட்டால் 70-ல் சிக்னல் விளக்குகளுக்கான சப்ளையை அதுவே வெட்டிவிடும். விளக்கு எரியாத சிக்னலை லோகோ பைலட் ஆபத்து என்றே எடுத்துக்கொள்வார், வண்டி நிற்கும். வண்டி தாமதமாகும், அவ்வளவுதான்.

சப்ஸ்டேஷன்காரன்

எங்கள் சப்ஸ்டேஷன் பேட்டரியில் இரண்டு முனையையும் எர்த் செய்யவே மாட்டோம். டி.சி. மிதந்துகொண்டே இருக்கும். பிரேக்கரைத் திறக்கும் ட்ரிப் காயிலுக்கு அதுதான் உயிர். லைனில் ஃபால்ட் வந்து ஏ.சி. படுத்துவிட்ட நேரத்தில்தான் பிரேக்கர் கட்டாயம் திறக்க வேண்டும். எங்காவது ஒரு முனை எர்த்தில் பட்டாலும் ஃபியூஸ் போகாமல் வேலை தொடரட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. ஆனால் இரண்டாவது முனையும் பட்டுவிட்டால் கதை வேறு.

அதைப் பார்க்கப் பழைய பேனலில் இரண்டு பல்பு இருக்கும், நடுவில் எர்த். இரண்டும் சமமாக மங்கலாக எரிந்தால் நிம்மதி. ஐப்பசி மழையில் ஒரு நாள் நெகட்டிவ் பல்பு அணைந்து பாசிட்டிவ் பல்பு பிரகாசமாக எரிந்தது. ஒவ்வொரு டி.சி. ஃபீடராக ஒரு கணம் திறந்து மூடி, பல்பு பழைய நிலைக்கு வரும் ஃபீடரைப் பிடித்தோம். யார்டில் ஒரு மார்ஷலிங் பாக்ஸ் (வயர்கள் வந்து சேரும் பெட்டி), கதவு ரப்பர் போய், டெர்மினல் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஹேர் டிரையர் வைத்துக் காயவைத்தோம்.

புதுசா சேர்ந்தவனுக்கு ஒன்று: பேட்டரி பக்கம் மோதிரம், செயின், ஸ்டீல் வாட்ச் வேண்டாம். ஸ்பேனர் கைப்பிடிக்கு இன்சுலேஷன் சுற்றிக்கொள். டெர்மினல் குறுக்கே விழுந்த ஸ்பேனர் அப்படியே வெல்டு ஆனதைப் பார்த்திருக்கிறேன். ஏ.சி. மாதிரி நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடாது என்பதால் டி.சி.யில் பொறி தானாக அணையாது. டி.சி.க்கென்று போட்ட எம்.சி.பி.யை மட்டும் பயன்படுத்து.

லித்தியம் கட்சி

இவ்வளவு அழுகைக்கும் தீர்வு லித்தியம் என்று சொல்லத்தான் வந்தேன். 3.2 வோல்ட் செல் 16, மொத்தம் 51.2. ரேக்கில் 100 ஏ.எச். பெட்டியாகச் செருகலாம், பி.எம்.எஸ். (பேட்டரிக்குள்ளேயே இருந்து கண்காணிக்கும் மின்னணு) ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் கன்ட்ரோலருக்கு அனுப்பும். கடைமடை மீட்டரோடு குனிந்து தேடிய அந்த மூலைச் செல் உங்கள் திரையிலேயே தெரிந்திருக்கும்.

கடைமடை

தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு பக்கம் சொல்லுங்கள். லெட் ஆசிட் வோல்டேஜ் படிப்படியாக இறங்கும், அதைப் பார்த்து டிஜி ஸ்டார்ட் வைத்திருந்தோம். லித்தியம் கடைசிவரை சமமாக நின்றுவிட்டு திடீரென்று பி.எம்.எஸ். வெட்டிவிடுகிறது. பழைய செட்டிங்கை மாற்றாமல் பெட்டியை மட்டும் மாற்றிய சைட்களில் டிஜி கிளம்புவதற்குள் இருட்டு.

லித்தியம் கட்சி

அது செட்டிங் தப்பு. வோல்டேஜைப் பார்க்காமல், பி.எம்.எஸ். சொல்லும் சார்ஜ் சதவீதத்தை வைத்து டிஜியைக் கிளப்ப வேண்டும். கம்யூனிகேஷன் கேபிளைச் செருகாமல் விட்டுவிட்டு லித்தியத்தைத் திட்டுவதை நானும் நிறையப் பார்க்கிறேன்.

திருப்பூர் ஃபீல்ட்

கேபிள் என்றதும் டெம்பரேச்சர் சென்சார் ஞாபகம் வருகிறது. 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 24 செல் பேங்க்குக்கு ஃப்ளோட்டை 72 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும், கீழே போனால் கூட்ட வேண்டும். ஒரு ஷெல்டரில் சென்சார் கழன்று ஏ.சி. காற்று நேரே அடிக்கும் இடத்தில் தொங்கியது. அது 18 என்று படித்து வோல்டேஜை 54.65-க்கு ஏற்றியது. பேட்டரி நிஜத்தில் 35, அதற்கு 53.4 போதும். மாதக்கணக்கில் இப்படியே வெந்திருக்கிறது. கடைமடை, உப்பிய செல் என்றீர்களே, சென்சார் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தீர்களா?

கடைமடை

பார்த்தேன், செல்லில்தான் ஒட்டியிருக்கிறது. எங்களுக்கு வயதும் டெல்டா வெயிலும்தான் காரணம்.

2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது கற்றது எல்.வி.டி.யை இரண்டாகப் பிரிப்பது. முதல் கட்டத்தில் இன்டர்நெட்டுக்கான டேட்டா கேரியர்களை விழவிட்டு, கடைசிக் கட்டம்வரை மைக்ரோவேவ், ஃபைபர் டிரான்ஸ்மிஷனை மட்டும் நிறுத்திவைத்தோம். ஒரு சைட்டின் டிரான்ஸ்மிஷன் போனால் அதற்குப் பின்னால் தொங்கும் சைட்கள் எல்லாம் ஊமையாகிவிடும். டிஜியை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனோம். ஒரு இடத்தில் டேங்க் நிறைய டீசல், 48 வோல்ட் பேங்க்கில் இன்னும் உயிர், ஆனால் டிஜி கிளம்பவில்லை. அதன் 12 வோல்ட் ஸ்டார்ட்டிங் பேட்டரி செத்திருந்தது. கடைசியில் வந்த வண்டியின் பேட்டரியில் ஜம்ப் கேபிள் போட்டுக் கிளப்பினோம். ஊர்க்காரர்கள் சார்ஜருடன் வரிசையில் நின்றார்கள், டிஜியிலிருந்து ஒரு போர்டு இழுத்துக் கொடுத்தோம்.

புதுசா சேர்ந்தவன்

அப்படியானால் நிஜ பேக்கப்பை எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய எக்ஸ்சேஞ்ச்

நிஜ லோடில் டிஸ்சார்ஜ் விட வேண்டும் தம்பி, வேறு வழியில்லை. டிஜி தயாராக இருக்கும் பகல் நேரத்தில் ரெக்டிஃபையர் வோல்டேஜைக் கன்ட்ரோலரில் இறக்கு. முழுக்க அணைக்காதே. இறக்கி வைத்தால் பேட்டரி கைவிட்டாலும் மாட்யூல் தாங்கிப் பிடிக்கும். அரை மணிக்கு ஒரு தடவை 24 செல்லும் எழுது. மற்றதைவிட வேகமாக இறங்கும் செல்தான் குற்றவாளி. செல்களுக்கு இடையில் உள்ள லிங்க்கையும் தொட்டுப் பார், சூடாக இருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது. கடைமடை, அந்த மூன்று செல்லுக்குப் புதுசு போட்டீர்களா? பழைய பேங்க்கில் புது செல் கலந்தால் சார்ஜ் சமமாகப் பிரியாது.

கடைமடை

இல்லை சார். மூடிய சைட் ஒன்றில் கழற்றி வைத்த அதே கம்பெனி, அதே வருடத்து பேங்க்கிலிருந்து நல்லதாக மூன்று தேடி எடுத்துப் போட்டிருக்கிறோம். இப்போது பூஸ்டில் (ஃப்ளோட்டைவிட உயர்ந்த சார்ஜ்) 55.2-ல் இருக்கிறது. திங்கட்கிழமை நீங்கள் சொன்ன மாதிரி டிஸ்சார்ஜ் விட்டு 24 ரீடிங்கையும் இங்கேயே போடுகிறேன்.