21 பவுண்டு மாட்டுத் தோள்கறி வாங்கி மாட்டிக்கொண்டேன்: மீதியை எப்படிப் பிரிப்பது?

ஹூஸ்டன்வாசி (ஞாயிறு இரவு)

வணக்கம். ஊர் நாகர்கோவில் பக்கம், இப்போது ஹூஸ்டனில் இருக்கிறேன். வீட்டில் வாரம் இரண்டு தடவையாவது பீஃப் சமைப்போம். சூப்பர்மார்க்கெட்டில் வெட்டி வைத்த குழம்புத் துண்டு பவுண்டு 8.49 டாலருக்கு வந்துவிட்டது. ஆபீஸில் ஒருவர் "முழுசா வாங்கி நீயே வெட்டு, பாதி விலைதான் ஆகும்" என்றார். அதை நம்பி சனிக்கிழமை ஒரு மொத்தக் கடைக்குப் போய், எலும்பில்லாத தோள்கறிக் கட்டான சக் ரோல் ஒன்றைத் தூக்கி வந்தேன். 21.3 பவுண்டு, பவுண்டு 5.49, மொத்தம் 116.94 டாலர்.

பையைத் திறந்ததுமே புளித்த வாடை. கறி சிவப்பாக இல்லை, நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஒரு நிறம். அடியில் ரத்தம் தேங்கியிருந்தது. மனைவி அடுப்படியை விட்டே போய்விட்டாள். காசு கொடுத்தாயிற்றே என்று ஒரு முனையிலிருந்து ஓரங்குலத் தடிமனில் மூன்று ஸ்டேக் வெட்டினேன். 3.7 பவுண்டு இருந்தது. சட்டியில் போட்டதும் ஒவ்வொன்றும் நாலைந்து துண்டாகப் பிரிந்துபோனது. மென்று மென்று தாடை வலித்ததுதான் மிச்சம்.

அடுத்து இன்னொரு 2 பவுண்டைக் குழம்புக்கு நறுக்கி நாலு விசில் விட்டேன். சில துண்டுகள் பஞ்சு, சில துண்டுகள் ரப்பர், இரண்டும் ஒரே சட்டியில். கொழுப்பும் ஜவ்வுமாகக் கழித்து எறிந்தது 1.5 பவுண்டு.

அடியில் தேங்கியதை வடித்தது போக, மீதி 13.7 பவுண்டு ஃப்ரிட்ஜில் மூடி இருக்கிறது. கெட்டுப்போன கறியைத் தலையில் கட்டிவிட்டார்களா, இல்லை எனக்கு வெட்டத் தெரியவில்லையா? மீதியையாவது எப்படிக் காப்பாற்றுவது?

கறிப்பிரிவு முன்னாள் ஊழியர்

பதறாதீர்கள் தம்பி. நாலு கேள்வி. திறப்பதற்கு முன் பை பலூன் மாதிரி உப்பியிருந்ததா? அந்த வாடை இப்போதும் இருக்கிறதா? கறியைத் தொட்டால் கொழகொழவென்று கையில் ஒட்டுகிறதா? வெட்டினீர்களே, எந்த முனையிலிருந்து?

ஹூஸ்டன்வாசி

பை உப்பவில்லை அண்ணா, கறியோடு ஒட்டிப்போய்த்தான் இருந்தது. கால் மணி நேரத்தில் வாடை போய்விட்டது, நிறமும் சிவப்பாகிவிட்டது. ஒட்டவில்லை. எந்த முனை என்றால்... இரண்டு முனை இருப்பதே நீங்கள் கேட்டபிறகுதான் தெரிகிறது.

கறிப்பிரிவு முன்னாள் ஊழியர்

அப்படியென்றால் கறி நன்றாகத்தான் இருக்கிறது. காற்றில்லாத பையில் வாரக்கணக்கில் அடைந்து கிடக்கும் இறைச்சியில் லாக்டிக் அமில பாக்டீரியா வளரும். புளித்த வாடை அதனால்தான். திறந்து வைத்தால் இருபது நிமிடத்தில் போய்விடும். போகாமல் நின்றாலோ, கறி பிசுபிசுத்தாலோ தூக்கி எறிய வேண்டியதுதான். நிறமும் அப்படியே. மயோகுளோபின் என்ற புரதம் ஆக்சிஜன் இல்லாதபோது ஊதாவாக இருக்கும், காற்றுப் பட்டால் சிவக்கும். அடியில் தேங்கியதும் ரத்தமில்லை. தசையிலிருந்து கசிந்த தண்ணீரில் அதே மயோகுளோபின் கலந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி வெட்டும் விஷயம். ஒரு அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டின் கறிப்பிரிவில் நாலு வருஷம் நின்றவன் நான். முதல் வாரம் நீங்கள் செய்த அதே தப்பைச் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன்.

சக் ரோல் ஒரே தசை கிடையாது. தோள்பட்டை எலும்புக்குக் கீழே, முதல் ஐந்து விலா எலும்புகளின் மேல் கிடக்கும் பல தசைகளின் கட்டு. ஒரு முனை கழுத்துப் பக்கம், மறுமுனை விலாப் பக்கம். இரண்டு முகத்தையும் உற்றுப் பாருங்கள். கழுத்து முனையில் சின்னச் சின்னத் தசைகள் கன்னாபின்னாவென்று, நடுவே வெள்ளைக் கோடுகளோடு இருக்கும். விலா முனையில் கொழுத்த உருண்டையாக ஒரு கண் தெரியும், ரிப் ஐ என்று விற்கும் விலையுயர்ந்த விலாப் பகுதி ஸ்டேக் மாதிரியே. மாதிரி என்ன, அது ரிப் ஐயின் தொடர்ச்சியேதான். ஐந்தாவது விலாவுக்கும் ஆறாவது விலாவுக்கும் நடுவே கத்தி விழுகிறது, இந்தப் பக்கம் சக், அந்தப் பக்கம் ரிப். மாட்டுக்கு அந்தக் கோடு தெரியாது. நீங்கள் வெட்டியது கழுத்து முனை. அது ஸ்டேக்குக்கு ஆகாது. எத்தனையோ தசைகளைக் குறுக்கே அறுத்ததால் சட்டியில் பிரிந்துபோனது.

விலா முனை உங்களைப் பார்க்கும்படி பலகையில் வையுங்கள். முகத்தில் ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் பட்டையாக விசிறி மாதிரி ஒன்று. இரண்டுக்கும் நடுவே வெள்ளையாகக் கொழுப்புக் கோடு ஓடும். அதுதான் பாதை. பலாச்சுளை எடுப்பது மாதிரி முதலில் விரலை விட்டுப் பிரியுங்கள். எங்கே விரல் நிற்கிறதோ அங்கே மட்டும் கத்தி நுனியால் இரண்டு கீறல். ஒரு கையால் தசையைத் தூக்கிப் பிடித்தால் அதன் கனமே பாதி வேலையைச் செய்துவிடும். சிவப்பை அறுக்கிற மாதிரி இருந்தால் வழி தப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம், திரும்பிக் கோட்டுக்கு வாருங்கள்.

உருண்டை தனியே வந்ததும் விலா முனையிலிருந்து மூன்று அல்லது நாலு ஸ்டேக் மட்டும் போடுங்கள். கடையில் சக் ஐ என்று விற்பது இதுதான். அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம், மீதி குழம்புக்கு. விசிறியில் இருப்பது டென்வர் ஸ்டேக். இருபது வருஷத்துக்கு முன்னால் இதற்கு இந்தப் பெயரே கிடையாது, ரோஸ்ட்டோடு ரோஸ்ட்டாகப் போய்க்கொண்டிருந்தது. மேலே இருக்கும் வெள்ளி ஜவ்வை உரியுங்கள். கத்தி நுனியை ஜவ்வுக்கு அடியில் செருகி, கூர் மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்து இழுத்தால் கறி வீணாகாது. அப்புறம் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் குறுக்கே வெட்டுங்கள். இதில் நார் ஒரே திசையில் போகாது, நடுவில் திரும்பும். நீங்களும் பலகையைத் திருப்ப வேண்டும்.

ரப்பர் துண்டுகளுக்குக் காரணம் இரண்டு. ஒன்று, நார் ஓடும் திசையிலேயே நறுக்கியது. இன்னொன்று மஞ்சள் நார். கழுத்துப் பக்கம் கயிறு மாதிரி மஞ்சளாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது எலாஸ்டின். நாலு விசில் என்ன, நாற்பது விசிலுக்கும் அசையாது. அதை எறியுங்கள். வெள்ளையாக ஊடே ஓடுவது கொலாஜன், நேரம் கொடுத்தால் கரைந்து குழம்புக்குக் கெட்டித்தன்மை தரும். அதை ஏன் எறிந்தீர்கள்!

கத்தி என்றால், எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கும் ஒல்லியான போனிங் கத்தி ஆறு அங்குலத்தில் போதும். பலகைக்கு அடியில் ஈரத்துணி விரியுங்கள், பிடிக்கிற கைக்கு வெட்டுத் தடுப்புக் கையுறை போடுங்கள். இதில் வீரம் வேண்டாம்.

வாணியம்பாடி வாசி

அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஸ்டேக் நமக்கு எதற்கு? பிரியாணிக்கும் சுக்காவுக்கும் என்றால் இவ்வளவு பிரிக்கத் தேவையே இல்லை. மஞ்சள் நாரை மட்டும் எடுத்துவிட்டு முட்டை அளவு துண்டு போட்டால் வேலை முடிந்தது. நான் ஹலால் கடையில் எலும்போடு தோள் வாங்குவேன், அவர்களே ரம்பத்தில் அறுத்துத் தருகிறார்கள். எலும்பில்லாமல் குழம்பு வைத்தால் அது குழம்பா?

கறிப்பிரிவு முன்னாள் ஊழியர்

எலும்பு விஷயத்தில் உங்கள் கட்சிதான் பாய். ஆனால் டென்வரை நாலு விசிலில் வேகவைப்பது பாவம். அதைச் சுடச் சுட மூன்று மூன்று நிமிஷம் இரும்புச் சட்டியில் போட்டு ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை

யாரும் காசைப் பற்றிப் பேசவில்லையே. முழுசாக வாங்கியதே அதற்காகத்தானே?

"பாதி விலை" என்று சொன்னவர் ரிப் ஐ விலையோடு ஒப்பிட்டிருப்பார். எல்லோரும் ஏமாறும் இடம் இது. நீங்கள் வழக்கமாக ரிப் ஐ வாங்குவதில்லை என்றால் அதில் மிச்சப்படுவதாகச் சொல்வது கற்பனைக் காசு. நீங்கள் வாங்குவது 8.49 டாலர் துண்டு, அதோடு ஒப்பிடுங்கள். 116.94-ஐ 21.3-ஆல் வகுக்காதீர்கள், கடைசியில் சட்டிக்குப் போகும் எடையால் வகுங்கள். எறிந்தீர்களே 1.5 பவுண்டு, அது மட்டும் 8 டாலர் 24 சென்ட். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி ஒவ்வொரு குவியலையும் எடை போட்டு எழுதுங்கள்.

காற்றை உறிஞ்சிப் பையை மூடும் வாக்யூம் சீலர் மெஷின் இப்போதைக்கு வேண்டாம். ஜிப் பையில் கறியைப் போட்டு, வாய் மட்டும் வெளியே இருக்க வாளித் தண்ணீரில் மெல்ல இறக்கினால் காற்று தானாக வெளியேறும். அப்படியே மூடிவிடுங்கள். மூன்று நாலு ரோல் வாங்கியபிறகும் இந்தப் பழக்கம் நின்றால் அப்போது மெஷின் வாங்கலாம்.

ரெண்டு பிள்ளைங்க அம்மா

தம்பி, திறந்த கறி ஃப்ரிட்ஜில் மூன்றிலிருந்து ஐந்து நாள்தான், அதுவும் 40 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால். சனிக்கிழமை திறந்தது என்றால் செவ்வாய்க்குள் முடித்துவிடுங்கள். 13 பவுண்டையும் ஒரே மூட்டையாக ஃப்ரீசரில் திணிக்காதீர்கள், நடுப்பகுதி உறைய ரொம்ப நேரம் எடுக்கும். ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவு, புத்தகம் மாதிரி தட்டையாக்கித் தள்ளித் தள்ளி வையுங்கள். தேதி எழுதுங்கள். "எழுதாட்டி என்ன, ஞாபகம் இருக்கும்" என்பார் என் கணவர். எங்கள் ஃப்ரீசரில் இன்னும் ஒரு மர்மப் பொட்டலம் கிடக்கிறது.

சுக்காவுக்குச் சின்னத் துண்டு வேண்டுமென்றால் கறியை முக்கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, லேசாக விறைத்ததும் நறுக்குங்கள். வழுக்காது. இன்னொன்று, மஞ்சள் போட்டு ஏழு தண்ணீரில் கழுவும் பழக்கம் எனக்கும் இருந்தது. இங்கே கழுவ வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள், தெறிக்கிற தண்ணீரில் கிருமி சிங்க் முழுக்கப் பரவும். காகிதத்துண்டால் ஒற்றி எடுங்கள், மஞ்சளை மசாலாவில் போட்டுக்கொள்ளலாம். மனசு கேட்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

ஹூஸ்டன்வாசி (செவ்வாய் இரவு)

எல்லோருக்கும் நன்றி. இன்று ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் ஆனது, அதில் அரை மணி நேரம் கோட்டைத் தேடியதற்கே. ஆனால் அந்த வெள்ளைக் கோட்டில் விரல் உள்ளே போனதும் கட்டு அப்படியே வாய் பிளந்த மாதிரி திறந்துகொண்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்தத் தடவை அவள் ஓடவில்லை.

எடைக் கணக்கு: சக் ஐ ஸ்டேக் நாலு, 3.1 பவுண்டு. டென்வர் 2.4. குழம்புக்கும் சுக்காவுக்கும் 4.9. கொத்துக்கறிக்குச் சில்லறைத் துண்டுகள் 2.2. கொழுப்பு தனியாக 0.8. எறிந்தது 0.3 மட்டும், மஞ்சள் நாரும் வெள்ளி ஜவ்வும். சனிக்கிழமை சமைத்த 5.7-ஐயும் சேர்த்தால் சட்டிக்குப் போவது 18.3 பவுண்டு, பவுண்டு 6.39 விழுகிறது. கடை விலையோடு பார்த்தால் 38 டாலர் மிச்சம். பாதி விலை என்று சொன்ன ஆளிடம் நாளைக்குப் பேசிக்கொள்கிறேன்.

டென்வர் இரண்டை உடனே சுட்டோம், உப்பும் மிளகும் மட்டும். வாணியம்பாடி பாய், மன்னிக்கவும், நான் கட்சி மாறிவிட்டேன்.

ஒரே சிக்கல் கொத்துக்கறியில். மிக்ஸர் மெஷினோடு மாட்டுகிற அரவை இணைப்பில் போட்டேன். முதல் பிடி நன்றாக வந்தது, அப்புறம் களி மாதிரி பிசைந்துபோய் வெளியே வரவே இல்லை. நிறுத்திவிட்டு மீதியை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். பிளேடு போய்விட்டதா?

கறிப்பிரிவு முன்னாள் ஊழியர்

பிளேடு இருக்கும், சூடுதான் காரணம். இரண்டு மணி நேரம் மேஜையில் கிடந்த கறி, கொழுப்பு இளகி ஓட்டைகளை அடைத்துவிட்டது. துண்டுகளைத் தட்டில் பரப்பி அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள், அரவைப் பாகங்களையும் கழுவி அங்கேயே வையுங்கள். ஓரம் விறைப்பாக, நடுவில் அழுத்தினால் அமுங்கும் பதத்தில் அரைக்கலாம். ஓட்டைத் தட்டில் ஜவ்வு சுற்றியிருக்கும், முதலில் அதை எடுங்கள். பிளேடின் தட்டையான பக்கம் தட்டைப் பார்த்து இருக்கிறதா என்றும் பாருங்கள், திருப்பிப் போட்டாலும் இப்படித்தான் பிசையும்.

அரைத்தது ஒன்றிரண்டு நாள்தான் ஃப்ரிட்ஜில் தாங்கும். ஸ்டேக் மாதிரி உள்ளே சிவப்பாக விடவும் கூடாது, மேலே இருந்த கிருமி அரைக்கும்போது உள்ளே போய்விடும். 160 ஃபாரன்ஹீட் வரை வேக வேண்டும். அந்த 0.8 கொழுப்பை என்ன செய்யப் போகிறீர்கள்?

ரெண்டு பிள்ளைங்க அம்மா

எறிந்துவிடாதீர்கள்! பொடியாக நறுக்கிச் சின்னத் தீயில் உருக்கி, வடிகட்டிப் புட்டியில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பீஃப் ஃப்ரைக்குத் தேங்காய்ப் பல்லை அதில் வதக்கினால் வாசனையே வேறு. மறந்தும் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்தால் பிளம்பருக்கே 38 டாலருக்கு மேல் போய்விடும்.

ஹூஸ்டன்வாசி

அண்ணா, பிளேடு திருப்பித்தான் போட்டிருந்தேன். ஜவ்வும் நூல் மாதிரி சுற்றியிருந்தது. ஃப்ரீசரில் வைத்து எடுத்து ஓட்டினேன், பத்து நிமிஷத்தில் முடிந்தது. பாதி கோலா உருண்டைக்கு, பாதி பொட்டலம் கட்டித் தேதி எழுதியாயிற்று. கொழுப்பு அடுப்பில் உருகிக்கொண்டிருக்கிறது, மனைவி தேங்காய் கீறிக்கொண்டிருக்கிறாள்.