இரண்டாம் முறை வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை

தூரிகை:
எனக்கு டிப்ரஷன், அதாவது மனச்சோர்வு நோய், முதல் முறை வந்தது எல்லோரும் சொல்கிற மாதிரிதான். விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு, சாப்பாடு இறங்காது, காலையில் படுமோசம், சாயங்காலம் கொஞ்சம் தேவலை. மெலன்கோலிக் வகை என்றார் டாக்டர். மாத்திரையில் சரியாயிற்று. 6 வருடம் கழித்துத் திரும்பியது வேறு ஆளாக வந்தது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் தூங்கினேன், கண்டதையும் தின்றேன், தோழி போன் செய்தால் சிரித்தும் பேசினேன். சிரிக்கிறோமே, அப்புறம் எப்படி அதுவாக இருக்கும், வெறும் சோம்பல்தான் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒருநாள் பல் துலக்கப் போனால் பிரஷ் வாய்வரை போகவில்லை. ஈயத்தை ஊற்றி வைத்த மாதிரி கை பாதியிலேயே நின்றுவிட்டது. பற்பசை மெல்ல வழுக்கி வாஷ்பேசினில் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த வெள்ளைப் பொட்டு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. வேறு யாருக்காவது இப்படி உருமாறி வந்திருக்கிறதா?

நெடுஞ்சாலை:
தப்பாக நினைக்காதீர்கள், சிரிக்க முடிந்தால் அது டிப்ரஷன் இல்லை. என் அண்ணனுக்கு வந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். பிறந்த குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். "ம்" என்று வாங்கியவர், ஒரு பொட்டலத்தைத் தருகிற மாதிரி என்னிடம் நீட்டினார். முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. தைராய்டு பார்த்தீர்களா?

பழைய டைரி:
நெடுஞ்சாலை, உங்கள் அண்ணனுக்கு வந்தது ஒன்று, இவருக்கு வந்தது இன்னொன்று. நல்லது நடந்தால் மனம் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும், தூக்கமும் பசியும் கூடும், கைகால் கனக்கும், யாராவது முகம் சுளித்தால் நாள்கணக்கில் வலிக்கும். இதற்கு எடிப்பிகல், அதாவது வழக்கத்துக்கு மாறான டிப்ரஷன் என்று பெயர். 1959-லேயே மருத்துவர்கள் எழுதியது இது. பெயரைப் பார்த்து அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். தைராய்டு பற்றிக் கேட்டது மட்டும் சரி, அது குறைந்தாலும் இப்படிக் காட்டும்.

என்னுடையது டிஸ்தைமியா, லேசாக இருந்தாலும் விடாமல் நீடிக்கிற மனச்சோர்வு. 2 வருடத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் அந்தப் பெயர், எனக்கோ 15 வருடம். எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். "எப்பவுமே இப்படித்தான் சார், என் சுபாவம்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சுபாவம் என்று யார் சொன்னது?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

கிழக்குவாசல்:
நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று முறை டிப்ரஷன் என்று சிகிச்சை எடுத்தேன், நான்காவது முறை மாத்திரை தொடங்கிய கொஞ்ச நாளில் தூக்கமே தேவைப்படாமல் உற்சாகம் பொங்கியது. டிப்ரஷனும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வருகிற பைபோலார் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதனால் தூரிகை, அடுத்த முறை போகும்போது உங்கள் நல்ல நாட்களையும் சொல்லுங்கள். நாம் அழுத நாட்களை மட்டும்தான் சொல்கிறோம். நான்கு மணி நேரம் மட்டும் தூங்கியும் களைக்காத வாரம் ஏதாவது இருந்ததா, காசு தண்ணீராகச் செலவானதா, பேச்சை நிறுத்த முடியாமல் போனதா என்று வீட்டில் இருப்பவரிடம் கேளுங்கள், நமக்கே அது தெரியாது. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்றும் விசாரியுங்கள். பைபோலார் என்றால் டிப்ரஷன் மாத்திரையைத் தனியாகக் கொடுப்பது சிலருக்கு ஆபத்து. அதற்காகப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் எதுவும். குளிர்காலத்தில் மட்டும் வருகிறதா என்றும் குறித்து வையுங்கள், அந்த வகைக்குக் காலையில் விளக்கொளி சிகிச்சைகூட உண்டு.

ஊஞ்சல்:
அப்பாவுக்கு 68 வயதில் டிப்ரஷன் முதல்முறை வந்தது. "எல்லாம் போச்சு, கையில் ஒன்றுமில்லை" என்பார். பாஸ்புக்கை விரித்துக் காட்டினேன். எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் படித்தார், சரியாகவே படித்தார். படித்து முடித்து, "பாவம், உன்னையும் ஏமாற்றியிருக்கிறார்கள்" என்று என் தலையைத் தடவினார். மின்சிகிச்சை கொடுத்த பிறகுதான் தெளிந்தார். இப்போது நன்றாக இருக்கிறார். நான்தான் அந்தத் தடவலிலிருந்து மீளவில்லை.

தூரிகை:
தைராய்டு பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. கிழக்குவாசல், நீங்கள் கேட்டவற்றை அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கல்லூரி கடைசி வருஷம் ஒரு மாதம் நீ தூங்கவே இல்லையே" என்றார். எனக்கு அது நினைவே இல்லை. வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு.