வரலாற்று வேஷத்தில் பிறந்தநாள்: ஆயா வேண்டாம் என்கிறார், என்ன செய்யலாம்?

பீனிக்ஸ் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு நவம்பர் 16 அன்று 10 வயது நிறைகிறது. 1860-இல் ட்ரூரோ கப்பல், கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்த முதல் இந்தியர்கள் 342 பேரோடு சென்னையிலிருந்து இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்துக்கு வந்ததும் அதே தேதிதான். யாரோ அவளிடம் இதைச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கப்பலே தன் பிறந்தநாளுக்கு வந்த மாதிரி பேசிக்கொண்டு திரிகிறாள். இந்த வருஷம் கேக்கும் பலூனும் மட்டும் போதாதாம். வருகிற பிள்ளைகள் எல்லாம் பழைய காலத்து ஆட்களாக வர வேண்டும், எங்கள் கார் ஷெட் கப்பலாக வேண்டும்.

எனக்கும் ஆசைதான். அட்டைப்பெட்டி சேர்க்கவே ஆரம்பித்துவிட்டேன். சிக்கல் மாமியாரிடம், அதாவது மகளின் ஆயாவிடம் (அப்பாவைப் பெற்றவர்). சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். "எங்க ஆயா கரும்புத் தோட்டத்துல முதுகு ஒடிஞ்சவ. நீங்க கந்தல் கட்டி, மூஞ்சியில கரி பூசி, கேக் வெட்டப் போறீங்களா?" என்று கேட்டார். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை.

விட்டுவிடலாமா, வேறு மாதிரி செய்யலாமா? மொத்தம் 22 பிள்ளைகள். அதில் ஏழெட்டுப் பேர் இந்த ஊர்க் கறுப்பினத்தவரான சூலு வீட்டுப் பிள்ளைகள், அவர்கள் எந்த வேஷத்தில் வருவார்கள்? 2,000 ரேண்டுக்கு மேல் செலவு செய்ய முடியாது.

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:

அம்மா, உங்கள் மாமியார் கேட்டது சரியான கேள்வி. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நானே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். 30 பிள்ளைகளுக்குச் சாக்குத் துணி கட்டி, தலையில் மூட்டை வைத்து மேடை ஏற்றினேன். பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு தாத்தா மட்டும் எழுந்து வெளியே போனார். அந்த மேடையில் ஒருவருக்கும் பெயர் இல்லை. வெறும் 'கூலி'. இந்த ஊரில் அந்தச் சொல்லால் நாம் பட்டது கொஞ்சமா?

அதனால் வேஷம் போடலாம், ஆனால் ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு பெயர் இருக்கட்டும். தில்லையாடி வள்ளியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். இங்கே காந்தி நடத்திய 1913 போராட்டத்தில் தாயோடு சேர்ந்து கிளம்பி, எங்கள் ஊர்ச் சிறையில் கிடந்து, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-இல் 16 வயதில் போய்விட்டாள். அவள் வேஷத்துக்குக் கந்தல் வேண்டாம். ஒரு பருத்திச் சேலை போதும். டாக்டர் கூனம் ஆக வேண்டுமென்றால் வெள்ளைச் சேலை, கழுத்தில் விளையாட்டு ஸ்டெதஸ்கோப். எடின்பரோவில் டாக்டருக்குப் படித்து 1936-இல் டர்பன் திரும்பியவர், இந்தியர்களின் நில உரிமையைப் பறித்த சட்டத்துக்கு எதிரான 1946 சாத்வீக எதிர்ப்பில் சிறைக்கும் போனார்.

பையன்களில் யாராவது காந்தியாக வருகிறேன் என்று இடுப்புத் துணியும் கைத்தடியுமாக வந்து நிற்பான், பாருங்கள். அந்தக் கோலம் 1921-இல் மதுரையில் எடுத்தது. 1893-இல் எங்கள் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டவர் கோட்டு சூட்டு போட்ட 23 வயது பாரிஸ்டர். அப்பாவின் பழைய டை கட்டி அனுப்பச் சொல்லுங்கள்.

லெனேசியா அக்கா:

வாத்தியார் ஐயா பெயர்களைச் சொல்லிவிட்டார், நான் பானையைச் சொல்கிறேன். கல்யாண வீட்டில் பிரியாணி செய்கிற மூன்றுகால் இரும்புப் பானை பக்கத்தில் யாரிடமாவது இருக்குமே? 1908 ஆகஸ்ட் 16-இல் ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா பள்ளிவாசல் முன்னால் இந்தியர்களைப் பதிவு செய்யும் சட்டத்தை எதிர்த்து 2,000-க்கும் மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்களைப் போட்டுக் கொளுத்தியது அப்படிப்பட்ட பானையில்தான்.

என் மகன் பிறந்தநாளுக்கு இதைச் செய்தேன். ஆளுக்கொரு காகிதம், தனக்குப் பிடிக்காத சட்டம் ஒன்றை அதில் எழுதிப் பானைக்குள் போட வேண்டும். நெருப்பு வைக்கவில்லை, டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி உள்ளே வைத்தேன். பாதிப் பேர் வீட்டுப்பாடம் என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி "தம்பி" என்று எழுதியிருந்தாள்.

சூலுப் பிள்ளைகளுக்கு நாம் வேஷம் முடிவு செய்யக்கூடாது, கேட்டால் மட்டும் யோசனை சொல்லலாம். நீங்கள் இருப்பது டர்பன் பக்கத்துப் பீனிக்ஸ். பக்கத்தில் இனாண்டாவில்தான், ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் முதல் தலைவரான ஜான் டூபே ஓலாங்கே பள்ளியைத் தொடங்கினார். 1994-இல் எல்லா இனத்தவரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தலில் மண்டேலா ஓட்டுப் போட்டதும் அங்கேதான். ஒரு காலணிப் பெட்டியில் பிளவு வெட்டினால் ஓட்டுப்பெட்டி ஆயிற்று!

சாட்ஸ்வொர்த் தம்பி:

அக்கா, நம்ம கோல்ஃப் வீரர் பாப்வா சேவ்கோலமை விட்டுவிட்டீர்களே! கோல்ஃப் மட்டையில் இடது கையைக் கீழே வைத்துப் பிடிப்பார், மற்ற வலது கைக்காரர்களுக்கு நேர் எதிர். 1963-இல் நேட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டியை ஜெயித்தவரை, இந்தியர் என்பதால் கிளப்புக்குள் விடாமல் வெளியே மழையில் நிற்க வைத்துக் கோப்பை கொடுத்தார்கள். ஒரு தொப்பி, ஒரு துடைப்பக் கட்டை, வேஷம் முடிந்தது. எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பிடியில் பந்தடித்துப் பார்க்கட்டும், சிரித்தே சாவார்கள்.

சாப்பாட்டுக்குக் கூழ் வைத்துவிடாதீர்கள். ஆடி மாதம் கோயிலில் குடிப்பார்கள், பிறந்தநாளில் அத்தனையும் வாளியில்தான் போகும். சின்ன பன் வாங்கி நடுவைத் தோண்டி பீன்ஸ் கறி ஊற்றுங்கள், நம்ம டர்பன் சாப்பாடான பன்னி சாவ் (bunny chow) குட்டியாக ஆயிற்று. மட்டன் வேண்டாம், பட்ஜெட் தாங்காது. நவம்பர் சாயங்காலம் இடி மழை வரும், கப்பலை ஷெட்டுக்குள்ளேயே வையுங்கள்.

இன்னொன்று. பழைய கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். வாசலில் ஒரு நோட்டு வைத்து, வருகிற பிள்ளைகளுக்கு அதே மாதிரி எழுதலாம். முழங்கால் தழும்பைக் காட்டச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஆயாவைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பீனிக்ஸ் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மகள் இதையெல்லாம் ஆயாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். வாத்தியார் ஐயா சொன்ன, முன்வரிசைத் தாத்தா எழுந்து போன இடம் வந்ததும் ஆயா டிவியை நிறுத்தினார். பாப்வா வந்தபோது, "அந்த மழை பத்தி எங்கப்பா சாகிறவரைக்கும் சொல்லுவாரு" என்றார்.

நோட்டு விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் எழுதலாம், ஊர் எழுதலாம், தழும்பு எழுதலாம், எண் கூடாது. "அவங்க நம்மள நம்பரால எண்ணினது போதும்." சரி, எண் கிடையாது.

அப்புறம் மகள் யாராக வேஷம் போடுவது என்று பேச்சு வந்தது. வள்ளியம்மை என்று நினைத்திருந்தேன். அவள் ஆயாவின் ஆயாவாக வருகிறாளாம். ஆயா பதில் சொல்லாமல் உள்ளே போனார், மறுபடி கோபம் என்று பயந்தேன். பழைய நீலப் பருத்திச் சேலை ஒன்றோடு வந்து, அதைப் பத்து வயதுக்கு ஏற்ற மாதிரி மடித்துக் கட்டிப் பார்த்தார். கரும்பு வெட்டும்போது கத்தி பட்ட தழும்பு ஒன்று அந்த ஆயாவின் காலில் இருந்ததாம். மகள் உடனே மைக்குச்சியை எடுத்துத் தன் முழங்காலில் கோடு போட்டாள். ஆயா அதைப் பார்த்து, "அங்க இல்லடி, இன்னும் கீழ" என்று மையை வாங்கி, கணுக்காலுக்கு மேலே தானே வரைந்தார்.

பானைதான் இன்னும் கிடைக்கவில்லை. பீனிக்ஸ் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், கழுவித் திருப்பித் தருகிறேன்.