வாசல் தொட்டிகளில் மான் தின்னாத பூச்செடிகளாக எவற்றை வைக்கலாம்?

கேள்வி

வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில், சிறு காட்டை ஒட்டிய வீட்டில் குடியிருக்கிறோம். வாசற்படியின் இருபுறமும் நான்கு தொட்டிகளும், பின்புறத்து மரத்தளத்தில் இரண்டு தொட்டிகளும் வைத்திருக்கிறேன். மே மாதக் கடைசியில் பெட்டூனியாவும் செம்பருத்தியும் நட்டு, ஓரத்தில் தொங்கினால் அழகாக இருக்குமென்று அலங்கார வள்ளிக்கிழங்குக் கொடியையும் சேர்த்தேன். ஒரே இரவில் கொடி முழுவதும் போய்விட்டது. செம்பருத்தியில் மொட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிறகு, மான் தொடாது என்று சீட்டு ஒட்டி விற்ற செண்டுமல்லி நாற்றுகளை வாங்கி வந்து கீழ்ப்படித் தொட்டியில் நட்டேன். மூன்றாம் நாள் காலையில் அவையும் அடித்தண்டோடு அறுபட்டுக் கிடந்தன. வாசலுக்குக் காலை வெயில் நான்கு மணி நேரமும், பின்தளத்துக்கு நாள் முழுவதும் வெயிலும் உண்டு. மான் உண்மையிலேயே தின்னாத பூச்செடி என்று ஏதேனும் இருக்கிறதா?

மறுமொழி 1 (பென்சில்வேனியாவிலிருந்து)

வணக்கம் அம்மா. செடியை மாற்றுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். கடிபட்ட தண்டின் முனை எப்படி இருக்கிறது? மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததால், அது இலையைக் கவ்விப் பிய்த்தே தின்னும். பிய்ந்த இடத்தில் நார் தொங்கும். முயல் கடித்த தண்டோ கத்தியால் சரிவாக நறுக்கியதுபோல் வழவழப்பாக இருக்கும். தொட்டியைச் சுற்றி மண்ணில் இரண்டாகப் பிளந்த குளம்புத்தடம் தெரிகிறதா என்பதையும் பாருங்கள்.

வினவியவர்

இப்போதுதான் குனிந்து பார்த்துவிட்டு வந்தேன், ஐயா. செம்பருத்திக் கிளைகளின் நுனி கந்தலாகி நார் தொங்குகிறது. அருகில் குளம்புத்தடமும் இருக்கிறது. ஆனால் செண்டுமல்லியின் தண்டுகள் ஐந்தும் பிளேடால் சீவியதுபோல் சாய்வாக அறுபட்டிருக்கின்றன.

மறுமொழி 1

அப்படியானால் உங்கள் வீட்டுக்கு வருவது மான் மட்டும் இல்லை. கீழ்ப்படியில் இருந்ததை முயல் தின்றிருக்கிறது. இளம் செண்டுமல்லியை முயல் விட்டுவைப்பதில்லை. ஆகவே அந்தச் சீட்டு பொய்யென்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அது சொல்லும் பொருள் குறுகியது. இங்கே நம்பத்தக்க துணை, உங்கள் மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ள பட்டியல். அது செடிகளை 'மான் தின்னும், தின்னாது' என்று இரண்டாகப் பிரிக்காமல், மிக அரிதாகச் சேதமுறுபவை தொடங்கி அடிக்கடி பெருஞ்சேதமுறுபவை வரை நான்கு நிலைகளாக வகுத்திருக்கிறது. எந்தச் செடிக்கும் முழு உத்தரவாதம் இல்லை என்பதை அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். பசி மிகுந்த மான் எதையும் கடித்துப் பார்க்கும். மே கடைசியிலும் ஜூனிலும் பிறக்கும் குட்டிகள் எது தின்னத்தக்கது என்று தெரியாமல் எல்லாவற்றிலும் வாய் வைத்தே பழகுகின்றன. தொட்டிச்செடிக்கு நாம் நாள்தோறும் நீரும் அவ்வப்போது உரமும் கொடுப்பதால், அதன் தளிர் தரையில் வளரும் செடியின் தளிரைவிட மென்மையாக இருந்து மானை இழுக்கிறது.

மான் ஒதுக்குவது பெரும்பாலும் மூக்கைத் துளைக்கும் வாசனை, நச்சு அல்லது கசப்பான சாறு, சொரசொரப்பான அல்லது மயிர்ப்பாங்கான இலை ஆகியவற்றையே. நாள் முழுவதும் வெயில்படும் பின்தளத்துக்கு நான் தயங்காமல் சொல்வது நித்தியகல்யாணி. நம் ஊர்க் கோயில் வேலியோரத்தில் பூக்கும் அதே செடிதான் இங்கே வின்கா என்ற பெயரில் விற்கப்படுகிறது. இரவுக் குளிர் 50 பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்காத நாட்களில் நட்டு, மேல்மண் காய்ந்த பிறகே நீர் விடுங்கள். ஈரம் தேங்கினால் மான் வருவதற்கு முன்பே வேர் அழுகிவிடும். அதன் நடுவில் உயரத்துக்கு நீல சால்வியாவை வையுங்கள். தொங்குவதற்கு வள்ளிக்கொடியை விட்டுவிட்டு அலிசத்தைப் போடுங்கள், தேன்மணம் வீசும். காலை வெயில் மட்டும் படும் வாசலுக்கு அகெரேட்டமும் டொரேனியாவும் பொருந்தும்.

மறுமொழி 2 (கூடலூரிலிருந்து)

உண்ணிச்செடியை (லன்டானா) யாரும் சொல்லவில்லையே. எங்கள் பக்கம் முதுமலைக் காட்டில் அது புதர்புதராகப் பரவி, புள்ளிமான் மேயும் புல்லையே மூடிவிட்டது; மானோ அதன் இலையைத் தொடுவதில்லை. கசக்கினால் வரும் நெடியை ஒரு முறை முகர்ந்தவர்களுக்குக் காரணம் விளங்கிவிடும். இங்கே அதைப் பிடுங்கி எறிய வனத்துறை படும் பாட்டைப் பார்த்தவன் என்பதால், பரிந்துரைக்க மனம் சற்றுத் தயங்குகிறது. ஆயினும் உங்கள் ஊர்ப் பனியில் அது செத்துவிடும் என்பதால், தொட்டியைத் தாண்டிப் பரவ வழியில்லை.

மறுமொழி 3

மான் ஒதுக்குகிற செடிகளில் பல, மனிதருக்கும் நஞ்சானவை. நித்தியகல்யாணியும் உண்ணிச்செடியும் அப்படித்தான். தவழும் குழந்தையோ நாயோ வீட்டில் இருந்தால் அவற்றைக் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்து, கீழே சால்வியா போன்றவற்றை மட்டும் வையுங்கள்.

செடியோடு விரட்டியும் தேவை. நான் ஒரு பங்கு முட்டைக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து அடித்து, தெளிப்பானின் வாய் அடைக்காதபடி வெள்ளைச் சவ்வை வடிகட்டிவிட்டு, இலைகளின் மேல் மெல்லிய படலமாகத் தெளிக்கிறேன். பெரிய மழைக்குப் பிறகும், மழையே இல்லாவிட்டாலும் மாதம் ஒரு முறையும் திரும்பத் தெளிக்க வேண்டும்; இடையில் விட்ட புதுத்தளிருக்குப் பாதுகாப்பு இருக்காது. துளசி போல வாயில் போடும் செடிகள்மீது தெளிக்காதீர்கள். முட்டை புழங்காத வீடானால் கம்பிவலையே வழி. முயலுக்கும் இரண்டடி உயரக் கோழிவலை வளையம் போதும்.

வினவியவர்

மூவருக்கும் நன்றி. எங்கள் வீட்டில் முட்டை புழங்குவதில்லை. எனவே கீழ்ப்படித் தொட்டிக்கு வலை வளையம் சுற்றிவிட்டு, மற்றவற்றில் நீங்கள் சொன்ன செடிகளை நட்டு, செம்பருத்தியை வலையடைப்புக்குள் கொண்டுபோனேன். ஐந்து வாரங்கள் ஆகின்றன. முதல் வாரத்தில் அகெரேட்டம் ஒன்று வேரோடு பிடுங்கப்பட்டு, தின்னாமல் படியில் போடப்பட்டிருந்தது. மீண்டும் நட்டேன், பிழைத்துக்கொண்டது. நித்தியகல்யாணியில் ஒரே ஓர் இலை பாதி பிய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இலையுதிர்காலத்தில் எல்லோரும் வாசலில் வைக்கும் சாமந்தித் தொட்டியை நானும் வைக்கலாமா?

மறுமொழி 1

சாமந்தி மொட்டை மான் விரும்பிக் கடிப்பதுண்டு. வைத்தால் வலைக்குள் வையுங்கள். அதைவிட, அக்டோபரில் அந்தத் தொட்டிகளில் டாஃபடில் கிழங்குகளைப் புதைத்துவிடுங்கள். டுலிப்பைத் தேடித் தின்னும் மான், நச்சுச்சாறுள்ள டாஃபடிலை விட்டுவிடும். தொட்டிமண் உறைந்து இளகும்போது கிழங்கு கெடாமல் இருக்க, குளிர்காலம் முழுவதும் தொட்டிகளைக் கார்க் கொட்டகைக்குள் சுவரோரமாக வைத்து, மார்ச் மாதத்தில் முளை தெரிந்ததும் வெளியே எடுங்கள்.