பைபாஸ்லயே போகாம ஊருக்குள்ள இறங்கினதுல கிடைச்ச சின்ன சந்தோஷம் ஏதாவது இருக்கா?

அம்பத்தூர்க்காரன்:
சென்னையிலருந்து திருநெல்வேலிக்கு வருஷத்துக்கு மூணு தடவை கார்ல போறோம். 600 கிலோமீட்டருக்கு மேல. விடிகாலை நாலு மணிக்கு கிளம்பி, டோல்கேட் பக்கத்துல ஏதாவது ஒரு பெரிய ஹோட்டல்ல சாப்பிட்டு, சாயங்காலத்துக்குள்ள போய் சேர்ந்துடுவோம். போன தடவை பாப்பா வயித்தைப் பிரட்டுதுன்னு சொன்னதால விராலிமலைல நிறுத்தினோம். மலை அடிவாரத்துல ஒரு மயில் சுவத்து மேல உக்காந்து எங்களையே பாத்துட்டு இருந்துச்சு, வாந்தியெல்லாம் மறந்தே போச்சு அவளுக்கு, பாட்டி வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி சொன்னதே அந்த மயிலைப் பத்திதான். பத்து வருஷமா அந்த ஊர் போர்டை மட்டும்தான் பாத்துட்டுப் போயிருக்கோம், அது மனசை உறுத்துது. இந்தப் பொங்கலுக்கு வேணும்னே ரெண்டு மூணு ஊர்ல நிறுத்தணும். எங்கங்க நிறுத்தலாம்?

தாம்பரத்தான்:
கோவில்பட்டி. டயர் பஞ்சராகி ஸ்டெப்னி மாட்டி ஊருக்குள்ள வந்தோம், கடைல எங்களுக்கு முன்னாடி ரெண்டு வண்டி, முக்கால் மணி நேரம் ஆகும்னாங்க. சரி நடப்போம்னு பக்கத்துத் தெருவுக்குப் போனா வெல்லப்பாகு வாசனை ஆளையே இழுக்குது, பாத்தா கடலைமிட்டாய் போடற இடம். கொதிக்கிற பாகுல வறுத்த கடலையைக் கொட்டிக் கிண்டி, சூட்டோட பலகைல போட்டு, கட்டையால தேய்ச்சு சமமாக்கி, இறுகறதுக்குள்ள கோடு போட்டு வெட்டிடறாங்க. மேல கலர் கலரா தேங்காய்ப்பூ. வாசல்ல நின்ன எங்களை "உள்ள வாங்க அண்ணாச்சி"ன்னு கூப்பிட்டு, ஓரத்துல வெட்டின துண்டைப் பேப்பர்ல வச்சுக் கொடுத்தாங்க. சூடா இருக்கறப்ப அது நொறுங்கலை, லேசா இழுபடுது, பாக்கெட்ல வாங்கித் தின்ன அதே மிட்டாயான்னு ஆயிடுச்சு! 2020ல அதுக்கு புவிசார் குறியீடு கிடைச்ச செய்தியைப் பாத்தப்ப எங்க வீட்டுப் பிள்ளை பாஸ் பண்ணின மாதிரி இருந்துச்சு.

நெல்லைப்பொண்ணு:
கோவில்பட்டி வரைக்கும் வர்றீங்கன்னா இன்னும் 20 கிலோமீட்டர் போல கழுகுமலை, விட்டுடாதீங்க. நாங்க போனப்ப எங்களைத் தவிர ஆடு மேய்ச்சிட்டிருந்த ஒரு பாட்டி மட்டும்தான். அங்க இருக்கிற வெட்டுவான் கோயில் பாண்டியர் காலத்துது, பாறையை மேலருந்து கீழ நோக்கி செதுக்கிட்டே வந்து முடிக்காமலே விட்டிருக்காங்க. கோயில் மேல இருக்கிற விமானத்துல தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார், அதை முதல்ல பாத்தது மிருதங்கம் கத்துக்கிற எங்க பையன்தான். கைவிரல் வச்சிருக்கிற விதத்தைப் பாருங்கம்மான்னு அங்கயே நின்னுட்டான், கிளப்பிக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடுச்சு. பாறை சுடும், நாலு மணிக்கு மேல ஏறுங்க.

முறுக்குபிரியன்:
திருச்சி தாண்டி திண்டுக்கல் ரோட்டைப் பிடிச்சா மணப்பாறை. கொஞ்சம் சுத்துதான், ஆனா முறுக்கை அரைவேக்காட்டுல எடுத்து வச்சு மறுபடி எண்ணெயில போடறதை நின்னு பாருங்க. டீக்கு அதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அம்பத்தூர்க்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. போறப்ப விராலிமலையும் கோவில்பட்டியும், திரும்பறப்ப கழுகுமலையும் மணப்பாறையும்னு முடிவு பண்ணியாச்சு, நாலு மணிக்கு பதிலா மூணு மணிக்கே கிளம்பறோம். பாப்பா மயிலுக்குன்னு இப்பவே ஒரு டப்பால பொரி எடுத்து வச்சிட்டா.