ஈ-டாமா, சிட்டா, ஓப்பன் ஏபிஐயா? எந்தப் பயிற்சியை எடுப்பது?

பில்ரன்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். சென்னையில் நான்கு வருடமாக பில்லிங் சப்போர்ட் வேலை. வெளிநாட்டு டெலிகாம் வாடிக்கையாளர். ராத்திரி பில் ரன் (எல்லாருக்கும் மொத்தமாகப் பில் போடும் வேலை) நின்றுபோனால் எனக்குத்தான் போன் வரும். படித்தது மெக்கானிக்கல். டெலிகாம் எல்லாம் டிக்கெட் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. சொல்யூஷன் டிசைன் பக்கம் போக வேண்டும் என்று ரொம்ப ஆசை. இந்த வருடம் ஒரே ஒரு பயிற்சிக்கு ஆபீஸில் பணம் தருவார்கள். டிஎம் ஃபோரம் என்ற டெலிகாம் தொழில் அமைப்பின் ஈ-டாம் (eTOM), சிட் (SID), ஓப்பன் ஏபிஐ (Open API) மூன்றில் எதை எடுப்பது? ஸ்லைடைத் திறந்தால் வெறும் கட்டங்களாக இருக்கிறது, மண்டையில் ஏறவில்லை.

ஆர்டர்_அக்கா:
தம்பி, சிட் எடுங்கள். டெலிகாம் தகவல்களை எப்படிப் பிரித்து வைப்பது என்று சொல்லும் மாதிரி அது.

ஈ-டாம், ஒரு டெலிகாம் நிறுவனத்தில் என்னென்ன வேலை நடக்கிறது என்பதன் வரைபடம். ஃபுல்ஃபில்மென்ட் (கேட்டதைக் கொடுப்பது), அஷ்யூரன்ஸ் (பழுது வராமல் பார்ப்பது), பில்லிங் என்று பிரித்துக்கொண்டே போகும். ஐ.நா.வின் தொலைத்தொடர்புத் தர அமைப்பான ஐடியூ-டி அதை எம்.3050 என்ற பரிந்துரையாகவே ஏற்றுக்கொண்டது. பில் ரன் பார்த்த உங்களுக்கு அது தானாகப் படித்தாலே புரியும். சிட் அப்படி இல்லை, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

எனக்கு அது புரிந்த கதையைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு பிராட்பேண்ட் புராஜெக்டில் தினமும் ஆர்டர்கள் ஃபால்அவுட் ஆகும், அதாவது பாதியில் நின்றுபோகும். போர்ட் காலி இல்லை என்று வரும். ஆள் போய்ப் பார்த்தால் போர்ட் காலியாகத்தான் இருக்கும். பழைய வாடிக்கையாளர் இணைப்பை விட்டுப் போய் மாதக்கணக்காகியிருக்கும். பிளான், சர்வீஸ், போர்ட் மூன்றையும் ஒரே டேபிளில் ஒரே வரியாக வைத்திருந்தார்கள். பிளான் முடிந்தது என்று குறித்தார்கள், போர்ட்டை விடுவிக்க யாருக்கும் தோன்றவில்லை.

சிட் இதைத்தான் பிரிக்கிறது. வாடிக்கையாளர் வாங்கும் 100 எம்பிபிஎஸ் பிளான் புராடக்ட். அவருக்குக் கிடைக்கும் இணைய இணைப்பு சிஎஃப்எஸ், அதாவது வாடிக்கையாளர் பக்கத்து சர்வீஸ். அதற்கு அடியில் நெட்வொர்க் செய்து கொடுப்பது ஆர்எஃப்எஸ், அதாவது ரிசோர்ஸ் பக்கத்து சர்வீஸ். ஓஎல்டி (நிறுவனத்தின் பக்கம் இருக்கும் ஃபைபர் கருவி) போர்ட்டும் வீட்டில் இருக்கும் ஓஎன்டி பெட்டியும் ரிசோர்ஸ். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிறக்கும், தனித்தனியாக முடியும். இதை ஒரு வெள்ளைத்தாளில் வரைந்த அன்றுதான் டிசைன் என்றால் என்ன என்றே எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் ஆறு வருடம் சும்மா ஓட்டியிருக்கிறேன் என்று வருத்தமாகக்கூட இருந்தது.

ஏபிஐ_மணி:
அக்கா சொல்வது சரி, ஆனால் இன்டர்வியூவில் கேட்பது ஓப்பன் ஏபிஐதான், அதாவது சிஸ்டங்கள் ஒன்றோடு ஒன்று பேசும் முறை. அதில் 620, 622, 641 எண்கள்தான். கேட்டலாக், புராடக்ட் ஆர்டர், சர்வீஸ் ஆர்டர். ஓப்பன் ஏபிஐ ஸ்பெக் எல்லாம் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், அதற்குப் பணம் கட்ட வேண்டாம். அப்புறம், உங்கள் கம்பெனி டிஎம் ஃபோரம் உறுப்பினரா என்று கேளுங்கள். உறுப்பினர் என்றால் ஆபீஸ் மெயிலில் பதிவு செய்து ஈ-டாமின் ஜிபி921, சிட்டின் ஜிபி922 ஆவணங்களைப் படிக்கலாம்.

ஆர்டர்_அக்கா:
மணி சொன்னதைச் செய்யுங்கள். 622ஐத் திறந்தால் உள்ளே இருப்பது சிட் சொன்ன அதே பொருள்கள்தான். பயிற்சிக்குப் போவதற்கு முன்னால் உங்கள் டிக்கெட் ஒன்றை எடுத்து, எது புராடக்ட், எது சர்வீஸ், எது ரிசோர்ஸ் என்று எழுதிப் பாருங்கள். அந்தத் தாளோடு வகுப்பில் உட்காருங்கள்.

பில்ரன்_தம்பி:
நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன் அக்கா. ஒரு வாடிக்கையாளர் பிளான் மாற்றியிருக்கிறார், பழைய பிளானுக்கும் வாடகை போகிறது. நாங்கள் மாதாமாதம் கிரெடிட் போட்டு டிக்கெட்டை மூடுகிறோம். எழுதிப் பார்த்தால், சர்வீஸ் ஒன்றுதான் இருக்கிறது. புராடக்ட் மட்டும் இரண்டு ஆக்டிவாக இருக்கிறது! மேனேஜரிடம் சிட் என்று சொல்லிவிட்டேன்.

ஆர்டர்_அக்கா:
ரொம்ப சந்தோஷம் தம்பி. புராடக்ட் இன்வென்டரிக்கு (யாரிடம் எந்த புராடக்ட் இருக்கிறது என்ற பட்டியல்) ஓப்பன் ஏபிஐ 637 இருக்கிறது, அதையும் படியுங்கள். அந்தப் பிளான் மாற்றிய ஆர்டரில் பழைய பிளானுக்கு டெலீட் என்று ஒரு வரி போனதா இல்லையா, அதை முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.